கிடாரியின் மருவும் எருதின் கொம்பும்

கேள்வி: பென்னாகரம் பக்கம் மானாவாரி விவசாயம் செய்கிறேன். ஒன்றரை வயதுக் கலப்பினக் கிடாரிக்குக் கழுத்திலும் தாடையிலும் காலிஃப்ளவர் போல மரு கொத்துக் கொத்தாக வந்திருக்கிறது, காம்பிலும் இரண்டு. ஏழு வயது ஆலம்பாடி எருது பத்து நாளாகத் தலையை உதறுகிறது, இடது கொம்பைத் தூணில் தேய்க்கிறது. நேற்று இடது மூக்கில் இரத்தம் கசிந்தது. பார்த்த மருத்துவர் கிடாரிக்குப் ‘பாப்பிலோமா’ என்றும் எருதுக்குக் ‘கார்சினோமாவாக இருக்கலாம்’ என்றும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். இரண்டும் ‘ஓமா’ என்றே முடிகின்றனவே, இரண்டும் புற்றுநோயா? கிடாரியைப் போச்சம்பள்ளிச் சந்தையில் தள்ளிவிடச் சொல்கிறார் மைத்துனர். எருதுக்கு வெளியே கட்டி எதுவும் தெரியவில்லை, ஆடி உழவு முடியட்டும் என்றிருக்கிறேன். கிடாரி கன்று ஈன்றால் அதன் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, வணக்கம். பயப்பட வேண்டியதை விட்டுவிட்டு, வேண்டாததைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். கிடாரியை விற்க வேண்டாம். எருதை ஒரு நாளும் காக்க வைக்க வேண்டாம்.

முதலில் அந்தப் பெயர்க் குழப்பம். ‘ஓமா’ என்ற வால் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. கட்டி என்பதற்கு மேல் அதில் பெரிய செய்தி கிடையாது. எந்தத் திசுவில் முளைத்தது என்பதை வாலுக்கு முன்னால் நிற்கும் சொல்தான் சொல்லும். கொழுப்பில் முளைத்தால் லிப்போமா, நார்த்திசுவில் முளைத்தால் ஃபைப்ரோமா, சுரப்பியில் முளைத்தால் அடினோமா. இவையெல்லாம் தீங்கற்ற கட்டிகள். புற்றாக இருந்தால் பெயர் நீளும். தோல், வாய், குடல், சுரப்பி என உடலுக்கு உறையாகவும் உள்வரியாகவும் இருக்கும் திசுவில் தோன்றினால் கார்சினோமா. எலும்பு, தசை, கொழுப்பு, நார் இவற்றில் தோன்றினால் சார்கோமா. ஆகவே லிப்போமா சாது, லிப்போசார்கோமா கேடு. அடினோமா சாது, அடினோகார்சினோமா கேடு. இந்த விதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மெலனோமா, லிம்போமா இரண்டும் கேட்பதற்குச் சாதுவைப் போல இருக்கும், ஆனால் புற்று என்ற பொருளில்தான் மருத்துவர்கள் பொதுவாக அவற்றைச் சொல்கிறார்கள். ஹெமட்டோமாவோ முளைத்து வளர்ந்த கட்டியே இல்லை, அடிபட்ட இடத்தில் தேங்கிய இரத்தம்.

தமிழிலும் இந்தக் கோளாறு உண்டு. 2019-இல் இந்தியாவுக்குள் வந்த ‘தோல் கழலை நோய்’ பெயரில்தான் கழலை. உண்மையில் அது அம்மை வகை வைரஸ் நோய். கடும் காய்ச்சலோடு சில நாட்களுக்குள் உடம்பெங்கும் உருண்டைகள் தோன்றும், மாடு தீனி எடுக்காது. உங்கள் கிடாரிக்குக் காய்ச்சல் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. பூப் போல விரிந்த மரு அந்த நோய்க்கு வராது.

சாதுக் கட்டிக்கும் புற்றுக்கும் உள்ள வேறுபாட்டைப் புளியமரத்தடியில் பார்க்கலாம். பழுத்த புளியை விரலால் அழுத்தினால் ஓடு தனியாக நொறுங்கி, பழம் முழுதாகக் கைக்கு வரும். பச்சைப் புளியங்காயில் ஓடும் சதையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், எங்கே வெட்டினாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஒருமுறை ஒரு வெள்ளாட்டின் விலாவில் தேங்காய் அளவு கொழுப்புக் கட்டியை அறுத்தேன். தோலைக் கீறி விரலை விட்டுச் சுற்றியதும், மெல்லிய உறைக்குள் வழவழவென்று முழுதாக வெளியே வந்துவிட்டது. புற்றுக்கு அப்படிப்பட்ட உறையோ வரப்போ கிடையாது. பக்கத்துத் திசுவைத் துளைத்துக்கொண்டு போகும். இரத்தத்திலும் நிணநீரிலும் ஏறி வேறு உறுப்பில் போய் முளைக்கும். கோரையைக் களைந்துவிட்டு, கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதுக் கட்டி என்றாலும் இருக்கும் இடத்தைப் பொறுத்துத் தொல்லை தரும். காம்பின் கண்ணிலேயே மரு வந்தால் பால் இறங்காது, மடிநோய்க்கும் வழிவிடும்.

பாப்பில்லா என்றால் லத்தீனில் காம்பு. காம்பு போல நீட்டிக்கொண்டு வருவதால் மருவுக்குப் பாப்பிலோமா என்று பெயர். மாடுகளுக்கே உரிய ஒரு வைரஸ் அதை உண்டாக்குகிறது. இளங்கன்றுகளுக்கும் கிடாரிகளுக்கும் அதிகம் வரும். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் தேடிக்கொண்டதும் பெரும்பாலும் சில மாதங்களில் காய்ந்து உதிர்ந்துவிடும். கழுத்தில் இருப்பதை அப்படியே விடுங்கள். சுண்ணாம்பும் சோடாவும் குழைத்துத் தடவுவது, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடுவது, இரண்டும் வேண்டாம். மரு போகும் முன் புண்ணில் புழு வைத்துவிடும். காம்பில் இருப்பவற்றை மட்டும் கன்று ஈனுவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். அரிசி போலத் தட்டையாகப் படிந்தவை தாமாக உதிர்வது அரிது. கயிறு, காதுவளையம் போடும் கருவி, ஊசி ஆகியவற்றின் வழியாக இது மற்றக் கன்றுகளுக்குப் போகும் என்பதால் கிடாரிக்குத் தனிக் கயிறு போடுங்கள்.

இப்போது எருது. கொம்புக்கு உள்ளே இருக்கும் எலும்பு கெட்டியானது அல்ல. நெற்றியின் காற்றறை கொம்புக்குள்ளும் நீண்டு போகிறது, அதன் உள்சுவரில் ஈரமான சவ்வு படிந்திருக்கிறது. அந்தச் சவ்வில் தோன்றுவதுதான் கொம்புப் புற்று. அது ஒரு கார்சினோமா. காற்றறைக்கும் மூக்குக்கும் வழி இருப்பதால் அந்தப் பக்கத்து மூக்கில் இரத்தம் கசிகிறது. வெளியே கட்டி தெரியாததும் இதனால்தான். நம் நாட்டு மாடுகளில், அதிலும் காயடித்த உழவு எருதுகளில், 5 முதல் 10 வயதுக்குள் இது அதிகம் தென்படுகிறது. கொம்பைச் சீவுவது, சாயம் பூசுவது, கொம்பில் கயிறு கட்டி இழுப்பது போன்ற ஓயாத உறுத்தல் இதற்குத் துணை போகிறதோ என்ற ஐயம் நெடுநாளாக இருக்கிறது. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பைச் சீவாமல் வெறும் மஞ்சள் பூசச் சொன்னதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு.

மரக்கட்டையால் இரண்டு கொம்பின் அடியிலும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல கொம்பு காலிக்குடம் போல ஒலிக்கும். நோய் நிறைந்த கொம்பில் தானியம் நிரம்பிய பானையைத் தட்டியது போல மந்தமான ஓசை வரும். அடிப்பகுதி வெதுவெதுப்பாக இருக்கிறதா, அழுத்தினால் வலித்துத் தலையை இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். மூக்குக்குள் அட்டை ஏறினாலும், கொம்பில் அடிபட்டாலும்கூட இரத்தம் வரும். அதனால்தான் உங்கள் மருத்துவர் ‘இருக்கலாம்’ என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார். திசுவைப் பரிசோதித்தால் உறுதியாகிவிடும்.

புற்றுதான் என்றால் கொம்பை அடியோடு அறுத்து எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் அறுப்பார்கள். தொடர்ந்து வின்கிறிஸ்டின் ஊசியை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் போடுவதும் உண்டு. நம் வேலியோரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுத்த மருந்துதான் அது. அதற்காகச் செடியை அரைத்துப் புகட்டிவிடாதீர்கள், நஞ்சு. காலம் கடத்தினால் கொம்பு சாய்ந்து கழன்று விழும், அந்தக் குழியில் சதை பூத்துப் புழு நெளியும். அதன் பிறகு அறுத்தாலும் மீண்டும் வளர்ந்துவிடும். ஆடி உழவுக்கு வாடகை டிராக்டரைப் பாருங்கள்.

வண்டியில் ஏற்ற முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அறுவைக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொன்னால் தயங்காமல் போங்கள். மருத்துவரின் சீட்டையும், தலையை உதற ஆரம்பித்த நாளையும் கையோடு கொண்டு போங்கள்.

பாலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாட்டு மருவின் வைரஸ் மனிதருக்கு ஒட்டாது. எப்போதும் போலக் காய்ச்சிக் கொடுங்கள். கறக்கும்போது அந்தக் கிடாரியைக் கடைசியாகக் கறந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். அது பக்கத்துக் கட்டுத்தறியில் நிற்கும் கன்றுகளுக்காக.