பழைய குழந்தைகள் தொடர்களைத் திரும்ப எடுப்பது வெட்டி வேலையா?

“70, 80-களில் சக்கைப்போடு போட்ட குழந்தைகள் தொடர்களை இப்போது தூசி தட்டி எடுக்கிறார்களே, ஒன்றாவது தேறியிருக்கிறதா?” என்பது கேள்வி.

ஒன்று தேறியிருக்கிறது. பிரிட்டனின் ‘வொர்செல் கம்மிட்ஜ்’, உயிருள்ள ஒரு சோளக்கொல்லை பொம்மையின் கதை. இங்கிலாந்தில் இருப்பதால் இரண்டையும் பார்க்க வாய்த்தது. பழையதை டிவிடியில் பார்த்தேன். புதியதை டிவியில் வந்தபோதே, கிறிஸ்துமஸ் லீவில் மகளோடு உட்கார்ந்து பார்த்தேன்.

பழையது 1979 முதல் 1981 வரை ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலில் ஓடியது. வொர்செலாக நடித்தவர் ஜான் பெர்ட்வீ. அதற்கு முன் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரில், நடிகர் மாறிக்கொண்டே இருக்கும் நாயகன் வேடத்தில் மூன்றாவது டாக்டராக வந்து பெயர் வாங்கியவர். ஸ்காட்டர்புரூக் என்ற கிராமத்துப் பண்ணையில் நிற்கும் பொம்மை அவன். பெரியவர்கள் பக்கத்தில் வந்தால் அப்படியே விறைத்துப்போவான். ஜான், சூ என்ற இரண்டு பிள்ளைகளிடம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவான். செய்ய வேண்டிய வேலையைப் பார்த்து அதற்கேற்ற தலையை எடுத்து மாட்டிக்கொள்வான். யோசிக்க ஒரு தலை, ஆட ஒரு தலை. இங்கே என்னோடு வேலை பார்க்கும் நடுத்தர வயதுக்காரர்களிடம் பேச்செடுத்தால் எல்லாரும் சொல்வது இந்தத் தலை கழற்றும் காட்சியைத்தான். அந்த இடத்தில் கண்ணைப் பொத்திக்கொண்டாலும் அடுத்த வாரம் ஆஜராகிவிடுவார்களாம்.

இன்னொரு கவர்ச்சி ஆன்ட் சாலி. திருவிழா மைதானத்தில் கட்டை எறிந்து விளையாட வைத்திருக்கும் மரப்பொம்மை. அவள்மேல் வொர்செலுக்குத் தீராத காதல், அவளுக்கோ இவன் கால்தூசு. காரியம் ஆகும்வரை குழைவாள், ஆனதும் கம்பி நீட்டிவிடுவாள். யூனா ஸ்டப்ஸ் அந்தத் திமிரை அப்படி ரசித்து நடித்திருப்பார். நாலு சீசன் நன்றாகத்தான் போனது. பிறகு அதைத் தயாரித்த சதர்ன் டெலிவிஷனின் ஒளிபரப்பு உரிமமே 1981 கடைசியோடு போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்த கம்பெனி தொடரைக் கண்டுகொள்ளவில்லை.

பெர்ட்வீ விடவில்லை, பல வருஷம் அலைந்தார். கடைசியில் 1987-ல் நியூசிலாந்தில் வழி பிறந்தது. ஆன்ட் சாலியை ஒருவர் வாங்கி அங்கே கொண்டுபோகிறார், வொர்செல் பின்னாலேயே போகிறான் என்று கதை. பெர்ட்வீ, ஸ்டப்ஸ் இரண்டு பேருமே நடித்தார்கள், 1989 வரை ஓடியது. ஆனால் பழைய தொடரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதைக் கேட்டால் “ஆமாம், அப்படி ஒன்று வந்தது” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சில எபிசோடுகள் பார்த்தபோது எனக்குக் காரணம் புரிந்தது. வயலில் நட்டுவைத்த பொம்மையைப் பிடுங்கி வேறு நாட்டில் நட்டால் அது வெறும் வேஷமாகிவிடுகிறது. சேறு, வேலி, காக்கை, கிராமத்து வம்பு எல்லாம் சேர்ந்துதான் வொர்செல்.

2019-ல் வந்த மெக்கன்சி குரூக் இதற்கு நேர் எதிர்வழியில் போனார். ஆட்கள் எல்லாரும் புதிது, மண் பழையது. எழுதியவர், இயக்கியவர், வொர்செலாக நடித்தவர் மூன்றும் அவரேதான். ‘தி ஆபீஸ்’ என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரைப் பார்த்தவர்களுக்கு, அதில் அவர் நடித்த கேரத் என்றால் தெரியும். அதைவிட முக்கியம் அவர் எழுதி இயக்கிய ‘டிடெக்டரிஸ்ட்ஸ்’. உலோகம் கண்டுபிடிக்கும் கருவியோடு வயல் வயலாக அலையும் இரண்டு பேரின் கதை. கிராமத்து நிலத்தை அவ்வளவு ஆசையாகக் காட்டியவர் கையில் சோளக்கொல்லை பொம்மை போய்ச் சேர்ந்தது பொருத்தம்தான்.

அவர் தூக்கி எறிந்ததைப் பாருங்கள். பழைய ரசிகர்கள் உயிராக நினைத்த ஆன்ட் சாலி காதல் போயே போய்விட்டது. அவள் தலைகாட்டுவதோடு சரி. பொம்மைகளைச் செய்கிற ‘க்ரோமேன்’ என்ற பெரியவரும் இல்லை. அந்த இடத்தில் ‘கிரீன் மேன்’. முகமெல்லாம் இலையாக இங்கே பழைய தேவாலயச் சுவர்களில் செதுக்கியிருப்பார்களே, அந்த உருவம். நடித்தவர் மைக்கேல் பேலின். இசைக்கு நாட்டுப்புறப் பாட்டுக்காரர்களான தி அன்தாங்க்ஸ் குழு. மொத்தமே ஆறு கதை, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 2019 டிசம்பர் 26, 27-ல் பிபிசி ஒன்னில் இரண்டு, 2020-ல் ஒன்று, 2021-ல் மூன்று. பேர் இருக்கும்போதே கடையைச் சாத்தினார்.

“பெர்ட்வீ இல்லாத வொர்செல் ஒரு வொர்செலா?” என்று எங்கள் ஆபீஸிலேயே ஒருவர் சண்டைக்கு வந்தார். பெர்ட்வீயே புதிதாக மாட்டிய தலைதான் என்றேன். கதையின் மூலம் பார்பரா யூஃபன் டாட் 1936-ல் எழுதிய புத்தகம். வானொலியில் வந்தது, 1953-ல் ஒருமுறை டிவியிலும் வந்தது. அப்புறம்தான் 1979. க்ரோமேன் புத்தகத்தில் கிடையவே கிடையாது. தொடரை எழுதிய கீத் வாட்டர்ஹவுஸ், வில்லிஸ் ஹால் இருவரின் கைச்சரக்கு. அவர்களுக்கு இருந்த சுதந்திரம் குரூக்குக்கு மட்டும் ஏன் கூடாது? சண்டைக்கு வந்தவர் பதில் சொல்லவில்லை, டீ எடுக்கப் போய்விட்டார்.

முதல் கதையிலேயே குரூக்கின் கணக்கு தெரிந்துவிடும். வளர்ப்புப் பிள்ளைகளாகப் பண்ணைக்கு வந்து சேர்கிற சூசன், ஜான் இருவரையும் பார்த்து, இவர்களும் நம்மைப்போல பொம்மைகள்தான் என்று வொர்செல் நினைத்துக்கொள்கிறான். அந்த வருஷம் பருவம் மாறவே மாட்டேன் என்கிறது, அறுவடைக்கு வழியில்லை. பருவநிலை மாற்றம் பற்றி யாரும் பாடம் எடுப்பதில்லை. விளையாத வயலின் நடுவே நின்றுகொண்டு பொம்மை கவலைப்படுகிறது, அவ்வளவுதான். என் மகளுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் போரடித்தது, நெளிந்துகொண்டிருந்தாள். பெரியவர்கள் வந்ததும் வொர்செல் கையை விரித்து, வாய் பாதி திறந்தபடி விறைத்து நிற்கும் காட்சி வந்த பிறகு அசையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் ஹாலில் அதே மாதிரி விறைத்து நின்று எங்களைப் படுத்தியது தனிக்கதை.

ஆறிலும் எனக்குப் பிடித்தது 2021 நவம்பரில் வந்த ‘கை ஃபோர்க்ஸ்’. இங்கே நவம்பர் 5 இரவு ஊரெங்கும் பெரிய தீ மூட்டுவார்கள். 1605-ல் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்ட கை ஃபாக்ஸ் நினைவாக, பழைய துணியும் வைக்கோலும் திணித்துக் கொடும்பாவி செய்து அந்தத் தீயில் போடுவது வழக்கம். அந்தக் கொடும்பாவிக்கு உயிர் இருந்தால்? வொர்செலின் வைக்கோலும் அவனுடைய வைக்கோலும் ஒன்றுதானே. ஒன்றை வயலில் நிறுத்தி வைக்கிறோம், இன்னொன்றை ஜாலியாகக் கொளுத்துகிறோம். பால் கே அந்தப் பொம்மையாக வந்து சிரிக்க வைப்பார், ஆனால் தீயை நினைத்தால் நமக்கே வயிற்றைப் பிசையும். இந்த ஊர் வழக்கத்தை விட்டால் இந்தக் கதையே இல்லை. நியூசிலாந்தில் நழுவிப்போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

குறை இல்லாமல் இல்லை. புதிய வொர்செல் ரொம்ப நல்லவன். பழையவன் சுயநலக்காரன், கேக்குக்காக எந்த வம்புக்கும் போவான், பொய் சொல்வான், அழுது காரியம் சாதிப்பான். பிள்ளைகள் அவனைக் கொண்டாடியதே தங்களைவிட மோசமாக நடந்துகொள்ளும் ஒரு பெரிய ஆள் கிடைத்த சந்தோஷத்தில்தான். அந்த விஷமம் குரூக்கிடம் பாதிதான் இருக்கிறது, பயம் அதைவிடக் குறைவு. கண்ணைப் பொத்திக்கொள்ள வேண்டிய இடம் ஒன்றாவது வைத்திருக்கலாம்.

பிள்ளைகளோடு பார்ப்பதானால் புதியதில் ‘சாசி நான்சி’யிலிருந்து ஆரம்பியுங்கள். கப்பலின் முகப்பில் பொருத்தும் மரச்சிலை அவள். காலில்லாதவள், வாய்த்துடுக்கு அதிகம், கடலுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று துடிக்கிறாள். ஷெர்லி ஹெண்டர்சன் பிய்த்து உதறியிருப்பார். பழைய தொடரில் இதே நான்சியாக பார்பரா விண்ட்சர் வந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, எது தேவலை என்று கமென்டில் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.