ஹாஸ்கெல் தெரியாமல் ஹாஸ்கெல் கூட்டத்துக்குப் போகலாமா?

"ஏனுங்க அக்கா, பெருந்துறையிலிருந்து மியூனிக் வந்து ரெண்டு மாசமாச்சு. ஜாவா மட்டும்தான் தெரியும். ஹாஸ்கெல்னு இன்னொரு நிரல் மொழி இருக்காம், அந்த மொழிக்காரங்க கூடற ஸூரிஹாக்குக்கு ஆபீஸ்ல ஒருத்தர் கூப்பிடறார், போலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறாய். கூடவே வீடு, வரி வகுப்பு, குளிர் கோட்டு. அதற்கெல்லாம் பதில் சொல்ல அங்கேயே நம்மாட்கள் வரிசையில் நிற்பார்கள், கேட்காமலே சொல்வார்கள். நான் கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாராளமாகப் போ கண்ணு. அந்தியூர் குருநாதசாமி கோவில் ஆடிச் சந்தையைப் பார்த்திருப்பாய். வருகிறவர்கள் எல்லாம் மாடு வாங்கவா வருகிறார்கள்? துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதில் பக்கத்தில் நிற்கிறவருக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் எந்த மாட்டைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஸூரிஹாக் கட்டணமில்லாதது, ஸ்விட்சர்லாந்தில் ரேப்பர்ஸ்வில் ஊரின் ஏரிக்கரைக் கல்லூரியில் நடக்கும், புதியவர்களுக்குத் தனி வகுப்பே உண்டு. ஹாஸ்கெல் மாதிரி மொழிகளுக்கான ஐசிஎஃப்பி போன்ற ஆராய்ச்சி மாநாடு என்றால் கதை வேறு. அங்கே மேடைப் பேச்சு புரியாது, சரி, ஆனால் அது உனக்கு மட்டும் என்று நினைக்காதே. ஹாஸ்கெல் கம்பைலரை, அதாவது எழுதின நிரலைச் சோதித்து மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றுகிற மென்பொருளை, கட்டியவர்களில் ஒருவரான சைமன் பேட்டன் ஜோன்ஸே, மேடைப் பேச்சு என்பது கட்டுரைக்கான விளம்பரம்தான் என்கிறார். டைப் தியரியில், அதாவது நிரலில் வரும் தரவு வகைகளைப் பற்றிய கணிதத்தில், புலியாக இருப்பவர்களும் வேறு பிரிவுப் பேச்சு வந்தால் மடிக்கணினியில் மெயில் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கட்டுரைகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், பேச்சுகளில் பெரும்பாலானவை யூடியூபில் வந்துவிடும். அதனால் பெரிய மாநாட்டுக்குக் கைக்காசு போடாதே, கம்பெனி கொடுத்தால் போ. சின்னக் கூட்டத்தின் லாபம் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

அங்கேதான் நம்மவர்கள் சிலர் செய்வது எனக்கு ஆகாது. கழுத்தில் அட்டையை மாட்டி ஒரு போட்டோ, லிங்க்ட்இன்னில் நாலு வரி, மத்தியானத்துக்கு மேல் டிட்லிஸ் மலை. இருக்கிற நேரத்திலும் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வீட்டுக்கடன் பேசுவார்கள். இன்னும் சிலர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். தலையாட்டாதே. "இது எதுக்குங்க?" என்று கேள். வேலை தேடிக் கையில் ரெஸ்யூமே வைத்துக்கொண்டும் திரியாதே, அது முகத்திலேயே தெரியும்.

போகும்போது உன் வேலையில் கிடக்கிற ஒரு நிஜச் சிக்கலை எடுத்துக்கொண்டு போ. நான் வந்த புதிதில், வீடு தருவதாகச் சொன்ன கம்பெனி ஹோட்டலில் போட்டுவிட்டு மறந்துபோனது. சனி ராத்திரி வந்து இறங்கினேன், ஞாயிறு கடையே திறக்காது என்று யாரும் சொல்லவில்லை, அம்மா கட்டிக் கொடுத்த கச்சாயம்தான் அன்றைக்குச் சோறு. பேச ஆளில்லாமல்தான் பெர்லினில் ஒரு சின்னக் கூட்டத்துக்குப் போனேன். சாப்பாட்டின்போது எதிரே இருந்த பெரியவர் ஊரில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார், கம்பைலர் எழுதுகிற மனிதர். திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சம்பள சாப்ட்வேர் எழுதினேன், ஓவர்லாக் தையலுக்கு ஒரு பீஸ் ரேட், பேட்லாக் தையலுக்கு ஒன்று, நடுவாரத்தில் ரேட் மாறும், சனிக்கிழமை கணக்கு முடிக்க வேண்டும் என்றேன். மனிதர் சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய ரேட்டும் புது ரேட்டும் கலந்தால் கம்பைலரே பிடித்துவிடுகிற மாதிரி டைப் எப்படி எழுதலாம் என்று காகித நாப்கினில் வரைய ஆரம்பித்தார். அவருக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது, அவ்வளவுதான். ஹாஸ்கெல்காரர்கள் வாயில் எப்போதும் வருகிற மோனாடு என்ற கருத்து என்னவென்றே எனக்கு அன்றைக்குத் தெரியாது, அவரும் கேட்கவில்லை.

அப்புறம், ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை, ஷெங்கனில் இருக்கிறது. தனி விசா வேண்டாம், ஆனால் பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் இரண்டும் கையில் இருக்கட்டும், ரயிலில் ஏறிச் சோதிப்பார்கள். இலவசம் என்பதால் இடம் நிரம்பிவிடும், பதிவு திறந்ததும் செய்துவிடு. அந்த ஊர் ஹோட்டல் விலை கேட்டால் மயக்கம் வரும், புளிச்சோறு கட்டிக்கொண்டு போ.