பேசாத காலுக்கும் பில் வரும்!

லீவு வந்தாலே நமக்கு வர்ற கேள்வில பாதி இதுதான், டூர் போன இடத்துல போன் பில் எகிறிடுச்சு, என்ன பண்றதுன்னு. ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டு மாளல, அதனால இந்த தடவை மத்ததையெல்லாம் ஓரமா வச்சுட்டு போன் கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன். எல்லாத்தையும் மொத்தமா படிச்சப்போ ஒண்ணு தெரிஞ்சுது, பில்லைப் பாத்து அழுதவங்கள்ல ரொம்ப பேர் நிறைய பேசினவங்களே இல்ல, தனக்குத் தெரியாமயே கால் ஓடினவங்கதான்.

கேள்வி: சார், பத்து நாள் வெளிநாட்டு டூர் போயிட்டு வந்தோம். ஒரு கால் கூட நான் பண்ணல, வந்த காலையும் எடுக்காம கட் பண்ணி விட்டேன். ஆனா பில்லுல வரிசையா கால் காட்டுது, அதுவும் ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டு தடவை. கஸ்டமர் கேர்ல கேட்டா பில் சரிதான்ங்கறாங்க. ஏமாத்துறாங்களா?

பதில்: ஏமாத்தல, நீங்க கட் பண்ணதுதான் பிரச்சனையே. உங்களைக் கூப்பிடுறவருக்கு நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு தெரியாது, அவர் எப்பவும் கட்டுற காசைத்தான் கட்டுறார். அந்த கால் முதல்ல உங்க சொந்த நெட்வொர்க்குக்கு வரும், அங்க இருந்து நீங்க இருக்கற நாட்டுக்கு தள்ளி விடுவாங்க, அந்த தூரத்துக்கான காசு உங்க கணக்குல ஏறும். ரோமிங்ல, அதாவது நம்ம சிம்மை வெளிநாட்டு டவர்ல ஓட்டும்போது, இன்கமிங்குக்கும் காசு போறது அதனாலதான், இது நிறைய பேருக்குத் தெரியும். தெரியாதது அடுத்த கட்டம். உங்க நம்பர்ல வாய்ஸ்மெயில், அதாவது நீங்க எடுக்கலன்னா கூப்பிட்டவர் பேசறதைப் பதிவு பண்ணி வைக்கற வசதி, இருந்தா, நீங்க எடுக்காத கால் அதோட முடியாது, அப்படியே திரும்பி உங்க நாட்டுல இருக்கற வாய்ஸ்மெயிலுக்கு ஓடும். ஆக போனது ஒரு இன்டர்நேஷனல் கால், திரும்பி வந்தது இன்னொண்ணு. கூப்பிட்டவர் பீப் சத்தம் கேட்டதும் ஒண்ணும் பேசாம வச்சிருப்பார், ஆனா நிமிஷக் கணக்கு பில்லிங்னா ரெண்டு பக்கமும் முழுசா ஒரு நிமிஷம் ஏறிடும். டெலிகாம்காரங்க இதுக்கு ட்ராம்போனிங்னே பேர் வச்சிருக்காங்க, ட்ராம்போன்னு ஒரு ஊதுற வாத்தியம் இருக்கு, அதுல குழாயை முன்னாடி தள்ளி பின்னாடி இழுப்பாங்கல்ல, அந்த மாதிரி.

எனக்கும் இது நடந்திருக்கு. எந்த கம்பெனின்னு சொல்லல, ஆனா ஒரு டூர் முழுக்க "புத்திசாலித்தனமா" எல்லா காலையும் கட் பண்ணிட்டு வந்து பில்லைப் பாத்தா, பேசியிருந்தாலே கம்மியா ஆயிருக்கும். லோன் வேணுமான்னு கேக்குற கால் மட்டும் அதுல ஆறு.

கிளம்புறதுக்கு முன்னாடி, வீட்டுல இருக்கும்போதே #004# டயல் பண்ணுங்க. எடுக்கலன்னா, பிஸின்னா, கிடைக்கலன்னா வேற எங்கயாவது போற ஃபார்வர்டிங் மூணும் நின்னுடும். திரும்பி வந்ததும் *004# போட்டா பழையபடி ஆயிடும். சில பேர் ##004# போடச் சொல்லுவாங்க, அதுவும் வேலை செய்யும், ஆனா அது வாய்ஸ்மெயில் நம்பரையே அழிச்சுடும், வந்து மறுபடி செட் பண்ணணும். *#62# போட்டா போன் கிடைக்காதப்போ கால் எந்த நம்பருக்குப் போகுதுன்னு காட்டும், முதல்ல அதைப் பாத்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. இதெல்லாம் ஜிஎஸ்எம்னு சொல்ற செல்போன் முறைல இருக்கற பொதுவான கோடுதான், பெரும்பாலான நெட்வொர்க்ல ஓடும், உங்களுக்கு எரர் வந்தா கஸ்டமர் கேர்ல வாய்ஸ்மெயிலையே நிறுத்தச் சொல்லிடுங்க. ஐரோப்பிய யூனியன் நாட்டு சிம்மோட அந்த யூனியனுக்குள்ளயே ரோமிங்ல இருக்கறவங்ககிட்ட மட்டும், வாய்ஸ்மெயில் மெசேஜ் வந்து விழறதுக்கு காசு வாங்கக் கூடாதுன்னு 2010லயே சட்டம் போட்டுட்டாங்க, மத்தவங்க நாமதான் ஜாக்கிரதையா இருக்கணும்.

கேள்வி: ஹோட்டல் ரூம் போன்ல வீட்டுக்கு நாலு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. செக் அவுட் பண்ணும்போது நாலுக்கும் பில் போட்டாங்க. எடுக்காத காலுக்கு எப்படிங்க பில்?

பதில்: ஹோட்டல் எக்ஸ்சேஞ்ச்ல ஓடுற பில்லிங் மெஷின் நிறைய இடத்துல, எதிர் பக்கம் போனை எடுத்தாங்களா இல்லையான்னு பாக்கறதே இல்ல. டயல் பண்ணி இத்தனை செகண்ட் ஆச்சுன்னா கால் கனெக்ட் ஆயிடுச்சுன்னு அதுவா முடிவு பண்ணி மீட்டரை ஓட்டும். நீங்க நப்பாசைல ரிங் கேட்டுக்கிட்டே காத்திருந்தது அதுக்கு பேசின மாதிரி. நாலஞ்சு ரிங்ல எடுக்கலன்னா வச்சுடுங்க. ரிசப்ஷன்ல சண்டை போட்டுப் பாருங்க, நிறைய இடத்துல எடுத்துடுவாங்க, ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேக்கணும், கட்டிட்டு கேட்டா கதை நீளும். அதை விட, ரூம் போனை ரிசப்ஷனைக் கூப்பிட மட்டும் வச்சுக்கோங்க. டோல் ஃப்ரீ நம்பருக்கு அடிச்சா கூட லைன் சார்ஜ்னு ஒண்ணு போடுற ஹோட்டல் இருக்கு, போன் பக்கத்துல ஒரு அட்டைல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க, நாம அதுல வைஃபை பாஸ்வேர்டை மட்டும்தான் தேடுவோம்.

கேள்வி: அண்ணா, ரோமிங் பேக், போற ஊர்ல சிம், இ-சிம், இதுல எது லாபம்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பதில்: ஆளாளுக்கு டூர் வேற வேறல்ல தம்பி. ரெண்டு மூணு நாள்னா ரோமிங் பேக்கே போதும், ஏர்போர்ட்ல சிம் வாங்க க்யூல நிக்கற நேரம் மிச்சம். ஆனா நாள் கணக்கு பேக்னா அந்த "நாள்" எப்படின்னு கேட்டுக்கோ, சில கம்பெனில முதல் காலோ டேட்டாவோ ஓடின நேரத்துல இருந்து 24 மணி நேரம், சில கம்பெனில நள்ளிரவோட சரி, அதுவும் எந்த நாட்டு நள்ளிரவுன்னு ஒரு கேள்வி இருக்கு. சாயந்தரம் எட்டு மணிக்கு போய் இறங்கி ஒரு நிமிஷம் பேசிட்டு, மறுநாள் காலைல எழுந்து பாத்தா ரெண்டு நாள் காசு போயிருக்கும். பேக்ல அந்த நாடு இருக்கான்னும் பாரு. உலகம் முழுக்கன்னு விளம்பரத்துல இருக்கும், லிஸ்ட்ல நீ போற நாடு இருக்காது.

ஒரு வாரத்துக்கு மேலன்னா இ-சிம்தான் என் ஓட்டு, அட்டையா போடாம போனுக்குள்ளயே இன்ஸ்டால் பண்ற சிம் அது. டூரிஸ்டுக்கு விக்கற இ-சிம் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், போன் நம்பர் வராது, அது ஒரு குறை மாதிரி தெரியும், ஆனா வாட்ஸ்ஆப் உன் பழைய நம்பர்லயே ஓடும், நம்பரை மாத்தணுமான்னு கேட்டா வேணாம்னு குடு. வாய்ஸ் கால் ரொம்ப டேட்டா தின்னாது, நிமிஷத்துக்கு ஒரு எம்பி கிட்டதான் போகும், வீடியோ போட்டாதான் பல மடங்கு. போன் கம்பெனி லாக் இல்லாததா, அதாவது வேற கம்பெனி சிம்மும் ஓடறதா இருக்கணும், தவணைல வாங்கின போனா இருந்தா முதல்ல அதை செக் பண்ணு.

இ-சிம்மை வீட்டு வைஃபைலயே இன்ஸ்டால் பண்ணிட்டுப் போ, இறங்கின இடத்துல நெட் இல்லாம நெட் வாங்க முடியாது. க்யூஆர் கோடு மெயில்ல வரும், அதே போன்ல மெயிலைத் திறந்து வச்சுக்கிட்டு எதை வச்சு ஸ்கேன் பண்றதுன்னு முழிக்காதே, இன்னொரு போன்லயோ பேப்பர்லயோ போட்டு வச்சுக்கோ. பல கோடு ஒரே தடவைதான் வேலை செய்யும், அதனால டூர் முடியற வரைக்கும் அந்த இ-சிம்மை டெலீட் பண்ணிடாதே, ஆஃப் மட்டும் பண்ணு. அப்புறம் முக்கியமா, பழைய சிம்ல டேட்டா ரோமிங்கை ஆஃப் பண்ணு. ஐபோன்னா செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்னு ஒரு ஆப்ஷன் ஆன்ல இருக்கலாம், இ-சிம் சிக்னல் வீக் ஆனா தானா பழைய சிம் டேட்டாவுக்கு தாவிடும், அதையும் ஆஃப் பண்ணு. போட்டோ பேக்கப்பை வைஃபைல மட்டும்னு மாத்து. நாள் முழுக்க நீ எடுத்த முன்னூறு போட்டோவையும் போன் நடு ராத்திரில யாருக்கும் சொல்லாம ஏத்திக்கிட்டு இருக்கும்.

கேள்வி: அம்மா அப்பாகிட்ட பட்டன் போன்தான். வாட்ஸ்ஆப் கிடையாது. தினமும் ரெண்டு நிமிஷமாவது பேசலன்னா அவங்களுக்கு தூக்கம் வராது. எப்படிப் பேசறது?

பதில்: முன்னாடின்னா ஸ்கைப்ல காசு போட்டு லேண்ட்லைனுக்கே பேசலாம், அதை 2025 மே மாசம் மூடிட்டாங்க. ஆனா அதே வேலையைச் செய்யற வேற ஆப் இருக்கு, நெட்ல இருந்து சாதா போனுக்கு கால் போகும், காசு முன்கூட்டியே போட்டு வைக்கணும். போறதுக்கு முன்னாடியே ஒரு தடவை வீட்டுல இருந்து அடிச்சுப் பாருங்க, நம்பர் எப்படி வந்து விழுதுன்னு பாத்து அவங்களுக்குச் சொல்லிடுங்க, இல்லன்னா தெரியாத நம்பர்னு எடுக்கவே மாட்டாங்க.

உங்க கம்பெனில வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதிலா வைஃபை வழியா சாதா கால் போற வசதி, இருந்தா இன்னும் நல்லது. நிறைய கம்பெனி வெளிநாட்டு வைஃபைல இருந்து சொந்த நாட்டுக்கு பேசினா வீட்டுல இருந்து பேசின கணக்குலயே எடுத்துக்குவாங்க, சில கம்பெனி வெளிநாட்டுல இதை அடைச்சே வச்சிருப்பாங்க, கேட்டுக்கோங்க. ஆனா ஒண்ணு, அந்த வைஃபைல இருந்துக்கிட்டு பக்கத்துத் தெருல இருக்கற டாக்சிக்காரருக்கு அடிச்சா அதுதான் இன்டர்நேஷனல் கால். உங்க போன் இன்னும் வீட்டுல இருக்கறதா நினைச்சுக்கிட்டு இருக்கு.

காலிங் கார்டு, அதாவது முன்கூட்டியே காசு கட்டி வாங்கி எந்த போன்ல இருந்தும் பேசற கார்டு, இன்னும் வச்சிருந்து ஹோட்டல் போன்ல பேசறவங்களுக்கு ஒரு பழைய வித்தை. ஒரு கால் முடிஞ்சதும் போனை வச்சுட்டு மறுபடி முதல்ல இருந்து டயல் பண்ணாதீங்க, ஹேஷ் (#) பட்டனை ரெண்டு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, பல கார்டுல அடுத்த நம்பரைக் கேக்கும். ஹோட்டல் மீட்டருக்கு அது ஒரே கால்தான்.

கேள்வி: கப்பல் டூர் போறோம், ரோமிங் பேக் போட்டாச்சு. போதும்ல?

பதில்: போதாது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் உங்க போன் கப்பல்லயே இருக்கற டவரைப் பிடிச்சுக்கும், அது சாட்டிலைட் வழியா போறது, நாட்டுக்கணக்குல போட்ட பேக் பெரும்பாலும் அதுல செல்லாது, ரேட்டும் வேற லெவல். ஏறினதும் ஃப்ளைட் மோடு போட்டுடுங்க, அடுத்த துறைமுகத்துல இறங்கி எடுங்க. எல்லை ஓரத்துல தங்கறவங்களுக்கும் இதே கதைதான், ரூம் ஜன்னல் ஓரமா நின்னா பக்கத்து நாட்டு டவர் பிடிக்கும். நெட்வொர்க் செலக்‌ஷனை ஆட்டோமேடிக்ல இருந்து மேனுவலுக்கு மாத்தி வச்சுக்கோங்க.

கேள்வி: டூர்ல இருக்கும்போது தெரியாத நம்பர்ல இருந்து ஒரே ஒரு ரிங், உடனே கட். ஊர்ல யாருக்காவது ஏதாவதான்னு பதறிப்போய் திரும்ப அடிச்சேன். பேலன்ஸ் காலி.

பதில்: பதறணும்னுதான் அடிக்கறான். ஜப்பான்காரங்க இதுக்கு வான்கிரின்னு பேர் வச்சாங்க, ஒரே ரிங்ல கட் பண்றதுன்னு அர்த்தம். நீங்க திரும்ப அடிக்கற நம்பர் அதிகக் காசு பிடிக்கற நம்பரா இருக்கும், அதுல அவனுக்கு ஒரு பங்கு. +1ல ஆரம்பிச்சா அமெரிக்கான்னு நினைக்காதீங்க, அடுத்து வர்றது 876ஆ இருந்தா ஜமைக்கா, 473ஆ இருந்தா கிரெனடா. நிஜமாவே அவசரம்னா மறுபடி அடிப்பாங்க, இல்ல மெசேஜ் போடுவாங்க.

கேள்வி: ரோமிங்ல ஓடிபி வந்தா காசா?

பதில்: எஸ்எம்எஸ் வர்றதுக்கு பெரும்பாலும் காசு கிடையாது, அனுப்பினாத்தான். அதனால பழைய சிம்மை கழட்டிப் போட்டுடாதீங்க.

கேள்வி: வெளிநாட்டுல கார்டு தொலைஞ்சு போய் பேங்க் டோல் ஃப்ரீக்கு அடிச்சா லைனே போகல. நம்பர் தப்பா?

பதில்: நம்பர் சரி, அது அந்த நாட்டுக்குள்ள மட்டும் ஓடற நம்பர். கார்டு பின்னாடி வெளிநாட்டுல இருந்து கூப்பிடன்னு இன்னொரு சாதா நம்பர் போட்டிருப்பாங்க, ஆனா தொலைஞ்சதே கார்டுதானே, அதனால அதைப் போன்ல சேவ் பண்ணி வைங்க. எல்லா நம்பரையும் பிளஸ் போட்டு நாட்டுக் கோடோட சேவ் பண்ணுங்க. நிறைய நாட்டுல வெளிய போக 00 போடணும், அமெரிக்காலயும் கனடாலயும் 011, ஜப்பான்ல 010, ஆஸ்திரேலியால 0011, பிளஸ் போட்டா எந்த நாட்டுல இருந்தாலும் செல்போன் அதுவே மாத்திக்கும். ராங் நம்பருக்குப் போற இன்டர்நேஷனல் காலுக்கும் பில் உண்டு.

கேள்வி: நான் வைஃபைலதான் பேசினேன், சத்தியமா வைஃபைலதான். அப்படியும் ரோமிங் பில் வந்திருக்கு, எப்படி சார்?

பதில்: நம்பறேன். வைஃபை காலிங்ல பேசும்போது போன் வைஃபையையும் டவரையும் ரெண்டையும் பாத்துக்கிட்டே இருக்கும், வைஃபை மங்கினா கால் கட் ஆகக் கூடாதுன்னு ரோமிங் டவருக்கு மாத்தி விட்டுடும், உங்ககிட்ட கேக்காது. முதல்ல ஃப்ளைட் மோடை ஆன் பண்ணிட்டு அதுக்கப்புறம் வைஃபையை மட்டும் தனியா ஆன் பண்ணுங்க, அப்போ தாவறதுக்கு டவரே கிடையாது, மிஞ்சிப் போனா கால் கட் ஆகும், அவ்வளவுதான். பேசிக்கிட்டே லிஃப்டுக்குள்ள போற பழக்கம் உங்களுக்கு இருக்கும்னு நினைக்கறேன்.