ரவுட்டர் டேபிள்ல கட்டைய எந்தப் பக்கம் தள்ளணும்?

கேள்வி: ரவுட்டர (மரத்துல ஓரம், பள்ளம் செதுக்குற மெஷின்) கவுத்து டேபிள்ல மாட்டி பீடிங் (அலங்கார ஓரப்பட்டி) அடிக்கிறேன். சில நேரம் கட்டைய வெடுக்குன்னு புடுங்கிட்டுப் போகுது, பயமா இருக்கு. எங்க தப்பு? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பயம் நியாயமானதுதாங்க. கவுத்து மாட்டுனா மேல இருந்து பாக்கும்போது பிட் (மரத்த வெட்டுற அலகு) கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தும், அதனால ஃபென்ஸ (கட்டைய ஒட்டி நகத்துற நேர் தடுப்பு) ஒட்டி வலதுல இருந்து இடதுக்குத்தான் தள்ளணும், அப்பதான் பிட் கட்டைய எதுத்துத் தள்ளும், ஃபென்ஸோடயும் சேத்து அழுத்தும். மாத்தித் தள்ளுனா பிட்டே இழுத்துக்கிட்டுப் போயிடும், கூடவே உங்க கையும் போகும். இதவிட மோசம், பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் நடுவுல கட்டைய விடுறது, அத மட்டும் செய்யவே செய்யாதீங்க, கட்டை அம்பு மாதிரி பாயும்.

ஒரே தடவைல முழு ஆழமும் எடுக்காதீங்க, தடவைக்கு 3 மில்லிமீட்டர் போதும். ஒல்லியான பீடிங்னா அகலமான பலகைல ஓரத்த அடிச்சிட்டு அப்புறமா அறுத்து எடுங்க, விரல் பிட் பக்கமே போகாது. சின்னத் துண்டுக்கு புஷ் பிளாக் (கைக்குப் பதிலா கட்டையத் தள்ளுற பிடி) கட்டாயம். பெரிய பிட்டுக்கு வேகத்தக் கொறைங்க, 2 இன்ச்சுக்கு மேலன்னா 10,000 – 12,000 ஆர்பிஎம்தான்.

பிட் மாத்துறப்ப சுவிட்ச்ச ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, பிளக்கையே புடுங்கிருங்க. ஷாங்க்க (பிட்டோட தண்டு) அடிவரைக்கும் விட்டு 2 மில்லிமீட்டர் மேல தூக்கி டைட் பண்ணுங்க, இல்லன்னா காலெட் (தண்டக் கவ்வுற பிடி) சரியா புடிக்காது. கண்ணாடி, காதுக்கு மஃப், மாஸ்க் எல்லாம் போடுங்க. கையுறை மட்டும் வேணாங்க, நூல் மாட்டுனா கையையே உள்ள இழுத்துரும்.