பி.எஸ்.ஏ. கூடினால் புற்றுநோய்தானா?

கேள்வி: எனக்கு வயது 62. இரண்டு ஆண்டுகளாக இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சிறுநீர் மெல்லிதாக, விட்டு விட்டு வருகிறது. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. அளவு 6.8 என்று வந்திருக்கிறது. இது புராஸ்டேட் புற்றுநோய்தானா?

பதில்: தங்களுடைய சிறுநீர்த் தொல்லையையும் இந்த 6.8 என்ற எண்ணையும் முதலில் தனித்தனியே பார்க்க வேண்டும். புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி அமைந்திருக்கிறது. வயதாக ஆக அதன் உட்பகுதி வீங்கிக் குழாயை நெருக்குவது மிகப் பெரும்பாலான ஆண்களுக்கு நேர்கிற, புற்றுநோய் அல்லாத வீக்கமாகும். தாங்கள் சொல்லும் அறிகுறிகள் யாவும் அதற்கு அப்படியே பொருந்துகின்றன. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் பின்புற வெளிப்பகுதியில், குழாயைவிட்டு விலகித் தோன்றுவதால், தொடக்க நிலையில் எந்தத் தொல்லையும் தருவதில்லை. சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதற்காக ஒருவர் நிம்மதியாக இருந்துவிட முடியாது, சரியாகப் போகவில்லை என்பதற்காகப் பதறவும் வேண்டியதில்லை.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். புற்றுநோய் மட்டுமே அதை உயர்த்துவதில்லை. சாதாரண வீக்கம், சிறுநீர்த் தொற்று, அண்மையில் செருகப்பட்ட சிறுநீர்க் குழாய், பரிசோதனைக்கு முந்தைய ஓரிரு நாட்களில் நிகழ்ந்த விந்து வெளியேற்றம் ஆகியவையும் அதைக் கூட்டும். 4 என்ற எல்லையை வழக்கமாகப் பின்பற்றுகிறார்கள். 4க்கும் 10க்கும் இடைப்பட்ட அளவு உள்ளவர்களுக்குத் திசுப் பரிசோதனை செய்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் தென்படுகிறது. ஆகவே தொற்று இருந்தால் அதைக் குணப்படுத்தி, ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்து அளவை மீண்டும் பார்ப்பதே முறை. அப்போதும் உயர்ந்தே இருந்தால் சிறுநீரகவியல் அறுவை நிபுணர் மலக்குடல் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார் (கூச்சத்தால் பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், ஒரு நிமிடம்கூட ஆகாத சோதனை இது). அடுத்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதில் ஐயத்துக்குரிய இடம் தெரிந்தால், அந்த இடத்திலிருந்து ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் உண்டா இல்லையா என்பதை உறுதி செய்வது அந்தத் திசுதான்.

ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டேன். வீக்கத்துக்காகப் பினாஸ்டிரைடு அல்லது டூட்டாஸ்டிரைடு மாத்திரையைத் தாங்கள் ஏற்கெனவே பல மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறீர்களா? அவை பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அப்படியானால் தங்களுடைய 6.8 உண்மையில் 13ஐத் தாண்டியதாகக் கொள்ளப்பட வேண்டும்; மருத்துவரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: என் கணவருக்குத் திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியாகிவிட்டது. க்ளீசன் மதிப்பெண் 6 என்கிறார்கள். ஆனால் மருத்துவர் இப்போது சிகிச்சை வேண்டாம், கண்காணித்தால் போதும் என்கிறார். புற்றுநோயை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

பதில்: தங்கள் கலக்கம் இயல்பானது. ஆனாலும் அந்த மருத்துவர் சொல்வது சரி என்றே நான் கருதுகிறேன். 1960களில் டொனால்ட் க்ளீசன் என்ற நோய்க்கூறியல் வல்லுநர் வகுத்த அந்த மதிப்பெண், நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு சிதைந்து தோன்றுகின்றன என்பதைக் காட்டுவது. இன்றைய நடைமுறையில் 6 என்பது அதன் மிகக் கீழ்ப்படி. அந்தப் படியில் உள்ள நோய் பல ஆண்டுகள் அசையாமலே கிடக்கக் கூடியது. அதற்காக அறுவை செய்துகொண்டு சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் இழப்பவருக்கு, வந்த நோயைவிட மருந்தே கொடிதாகிவிடுகிறது.

பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என மூன்று பிரிவாக்கி நடத்திய பெரிய ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் 2023இல் வெளிவந்தன. மூன்று பிரிவுகளையும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 3 விழுக்காட்டினரே. பிரிவுகளுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மறைக்காமல் மற்றொன்றையும் சொல்ல வேண்டும்: நோய் வேறிடங்களுக்குப் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் ஏறத்தாழ இருமடங்கு இருந்தார்கள், அந்தப் பிரிவினரில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னாளில் சிகிச்சைக்கு வந்தார்கள். எனவே கண்காணிப்பு என்பது மறந்துவிடுவதன்று. குறித்த இடைவெளிகளில் பி.எஸ்.ஏ., தேவைப்படும்போது எம்.ஆர்.ஐ., மீண்டும் திசுப் பரிசோதனை என்று ஒழுங்காகப் போய்வர முடிந்தவர்களுக்கே அது ஏற்றது. தங்கள் கணவர் அப்படிப்பட்டவர்தானா என்பதை அந்த மருத்துவரைவிடத் தாங்களே நன்கு அறிவீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 66. க்ளீசன் 4+3 என்று வந்துள்ளது. நோய் சுரப்பியைத் தாண்டவில்லையாம். அறுவையா, கதிர்வீச்சா?

பதில்: க்ளீசன் மதிப்பெண் இரண்டு எண்களின் கூட்டு; அவற்றில் முதல் எண் மிகுதியாக உள்ள செல் வகையைக் குறிக்கும். 4+3 என்றால் மோசமான வகைச் செல்களே மிகுதி என்று பொருள்; 3+4ஐவிட இது ஒரு படி மேல், ஆகவே இங்கே சிகிச்சை தேவை. குணமாவதைப் பொறுத்தவரை இரண்டு வழிகளும் ஏறத்தாழச் சமமே என்பதால், எந்தப் பக்கவிளைவோடு வாழ முடியும் என்ற கேள்வியிலிருந்து தாங்கள் தொடங்கலாம். அறுவைக்குப் பின் ஓரிரு வாரம் செருகப்பட்ட சிறுநீர்க் குழாயோடு இருக்க நேரும். சில மாதங்கள் சிறுநீர் கசியும், இடுப்புத்தளத் தசைப் பயிற்சியால் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அது மட்டுப்படும். விறைப்புக் குறைபாடு உடனே தெரியும். கதிர்வீச்சில் அந்தக் குறைபாடு மெல்ல மெல்ல வரும். மலக்குடல் எரிச்சலும் ரத்தக் கசிவும் சிலருக்கு உண்டாகும். தங்கள் நிலையில் பல மாதங்களுக்கு, ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசியும் கதிர்வீச்சோடு சேர்த்தே தரப்படும். அறுவைக்குப் பிறகு நோய் தலைகாட்டினால் கதிர்வீச்சு தரலாம், கதிர்வீச்சுக்குப் பிறகு அறுவை செய்வது கடினம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். முடிவெடுக்கும் முன் அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர் இருவரையும் சந்தியுங்கள். ஓரிரு வாரம் தாமதிப்பதால் கெடுதல் எதுவும் நேராது.

கேள்வி: 79 வயதாகும் என் தந்தைக்கு நோய் எலும்புகளுக்குப் பரவிவிட்டது. இனிச் சிகிச்சையால் பயன் உண்டா?

பதில்: உண்டு. குணப்படுத்த இயலாவிட்டாலும் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் அடக்கிவைக்க முடியும். இந்தப் புற்றுநோய் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை உண்டு வளர்கிறது. அதை நிறுத்தினால் நோய் சுருங்கும் என்பதை 1941இல் காட்டிய சார்லஸ் ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. விரைகளை நீக்கும் சிறு அறுவையாலோ, மாதம் ஒருமுறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியாலோ இன்று அதைச் செய்கிறார்கள்; கூடவே அபிராட்டிரோன், என்சலூட்டமைடு போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. உடல் சூடு பரவி வியர்த்தல், சோர்வு, எலும்பு மெலிதல் ஆகியவை இதன் விலை.

தந்தைக்குத் திடீரெனக் கால்கள் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, முதுகுவலியோடு சிறுநீர் அடைபட்டாலோ மறுநாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். முதுகெலும்பில் பரவிய கட்டி தண்டுவடத்தை அழுத்துவதால் அது நேர்ந்திருக்கலாம், சில மணி நேரத் தாமதமும் நடையை நிரந்தரமாகப் பறித்துவிடக்கூடும்.

தங்கள் வயதைத் தாங்கள் எழுதவில்லை. தந்தைக்கு இந்நோய் இருப்பதால் தங்களுக்கும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது. 45ஐ நெருங்கும்போதே பி.எஸ்.ஏ. பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.