ஆங்கில அறிக்கையில் ‘ஹி’ யார் என்ற குழப்பத்தை எப்படித் தீர்ப்பது?

கேள்வி: நான் எழுதும் ஆங்கில வாக்கியங்களில் பிரதிப்பெயர் யாரைக் குறிக்கிறது என்று தெரியவில்லை, அடைமொழி இடம் மாறி நிற்கிறது என்று மேலதிகாரி திருப்பி அனுப்புகிறார். எப்படித் திருத்திக்கொள்வது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்து, அறிக்கை எழுதும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எழுதி முடித்ததும் ஹி, ஷி, இட், தே, திஸ் வரும் இடங்களில் எல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ‘யார், எது?’ என்று கேளுங்கள். இரண்டு விடை வந்தால் அங்கே பெயரையோ பதவியையோ எழுதிவிடுங்கள். ஒரே சொல் திரும்ப வந்தால் அழகில்லை என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். கட்டுரைக்கு அது பொருந்தலாம், அறிக்கைக்கு ஆகாது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஓர் இரவு ஷிப்டில் எண்ணெய்க் கசிவு. மறுநாள் போன அறிக்கையில், ‘தி சூப்பர்வைசர் டோல்ட் தி ஆபரேட்டர் தட் ஹி ஹேட் லெஃப்ட் தி வால்வ் ஓபன்’ என்று இருந்தது. வால்வைத் திறந்தபடி விட்டது தான்தான் என்று சூப்பர்வைசரே ஆபரேட்டரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஆனால் படித்த அதிகாரிகள் அந்த ‘ஹி’யை ஆபரேட்டர் தலையில் கட்டிவிட்டார்கள். மெமோ அவருக்குப் போனது. திருத்தச் சொன்னேன். கையெழுத்தாகிவிட்டது, இலக்கண வகுப்பெல்லாம் வேண்டாம் என்றார்கள். நான் தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். இரண்டு பேருக்கும் பொருந்தும் ‘ஹி’ எப்போதும் எளியவன் மேல்தான் போய் விழும்.

அடைமொழிக்கு வருகிறேன். ‘ரன்னிங் அட் ஃபுல் ஸ்பீட், தி டெக்னீஷியன் ஸ்டாப்டு தி பம்ப்’ என்று எழுதினால் ஓடியது டெக்னீஷியன் என்று ஆகிவிடுகிறது. தமிழில் ‘முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த பம்பை டெக்னீஷியன் நிறுத்தினார்’ என்போம். நம் பெயரெச்சம் தன் பெயரை ஒட்டியே நிற்கும். ஆங்கிலத்துக்குப் போகும்போது எச்சத்தை மட்டும் முன்னால் வைத்துவிட்டுப் பம்பைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறோம். ‘தி டெக்னீஷியன் ஸ்டாப்டு தி பம்ப், விச் வாஸ் ரன்னிங் அட் ஃபுல் ஸ்பீட்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். ‘ஒன்லி’யும் இப்படித்தான்; எதைக் கட்டுப்படுத்துகிறதோ அதன் முன்னாலேயே வையுங்கள்.

சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாமே, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு எதற்கு இந்தக் கெடுபிடி என்று சிலர் கேட்பார்கள். தாய்மொழியாகக் கொண்டவர்களும் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டப் பிரிவு ஒன்றில் மூன்று குற்றங்களை வரிசையாகச் சொல்லி, சிறார் தொடர்பான ஓர் அடையைக் கடைசியில் வைத்திருந்தார்கள். அது மூன்றுக்குமா, கடைசிக் குற்றத்துக்கு மட்டுமா? கடைசிக்கு மட்டும் என்று 2016இல் லாக்ஹார்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிபதிகளே 6-2 என்று பிரிந்தார்கள். குற்றவாளியான லாக்ஹார்ட்டுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுச் சிறை உறுதியானது. 2021இல் ஃபேஸ்புக் தொடர்பான வழக்கிலோ, கடைசியில் நின்ற அடை முன்னால் இருந்த இரண்டு வினைகளோடும் சேரும் என்று தீர்ப்பு வந்தது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, சோனியா சோட்டோமேயர்தான். வாக்கியத்தை எழுதியபோதே பிரித்து எழுதியிருந்தால் இத்தனை பாடு தேவையில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு ஏன் ஆங்கிலத்தில் மெமோ கொடுக்கிறார்கள்? பாதுகாப்பு அறிவிப்புப் பலகை கூட அந்தத் தொழிற்சாலையில் ஆங்கிலத்தில்தான் இருந்தது. அந்த ஆபரேட்டர் தன் மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, தாளை எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில் கொடுத்திருந்தால் வாங்கிய இடத்திலேயே மறுத்திருப்பார்.