கார், லாரி தொல்லை இல்லாத சாலைகளில் சைக்கிள் ஓட்ட பிரான்சில் எங்கே போகலாம்?

ஒரு வாரம் லீவு இருக்கிறது, பந்தயக்காரர்கள் மாதிரி பெரிய மலைகளில் ஏற ஆசை இல்லை, நல்ல தார்ச் சாலையில் பின்னால் ஹாரன் சத்தம் கேட்காமல் நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் பிரிட்டனி. பிரிட்டன் அல்ல, பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி. ஏறக்குறைய 1500 வருடங்களுக்கு முன் பிரிட்டனிலிருந்து கடல் தாண்டி வந்து குடியேறிய மக்களால்தான் அந்தப் பெயரே வந்தது.

நான் ஏழு வருடமாக ரென் நகரில் இருக்கிறேன். லீவு கிடைத்தால் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு மேற்கே போய்விடுவேன். இங்கே யாரிடம் கேட்டாலும் முதலில் கால்வாய்க்கரைப் பாதையைச் சொல்வார்கள், அடுத்தது பழைய ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டுப் போட்ட பாதைகளை. இரண்டுமே நல்லவைதான், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஆனால் நீங்கள் கேட்ட அமைதி அங்கே இருப்பதைவிட ஊருக்கு ஊர் ஓடும் சாதாரண கிராமத்துத் தார்ச் சாலைகளில்தான் அதிகம் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு.

பிரிட்டனியின் உள்நாட்டில் மக்கள் ஒரே இடத்தில் கூடி வாழவில்லை. அவரவர் நிலத்துக்குப் பக்கத்திலேயே மூன்று வீடு, ஐந்து வீடு என்று சிதறிக் கிடந்தார்கள். சாலையோரப் பலகைகளைப் பாருங்கள், பாதிப் பெயர்கள் 'கெர்' என்று ஆரம்பிக்கும். இந்தப் பகுதியின் சொந்த மொழியான பிரெத்தோனில் அது குடியிருப்பு என்ற பொருளில் வரும் சொல். அந்த ஒவ்வொரு 'கெர்'ருக்கும் ஒரு தார்ச் சாலை போகிறது. சில நூறு பேரே வாழும் ஊராட்சியில்கூடப் பத்துப் பதினைந்து குட்டிச் சாலைகள் பின்னிக் கிடக்கும். அப்புறம், 1960களின் கடைசியில் அரசு இந்தப் பகுதிக்கு நாலுவழிச் சாலைகள் போட முடிவெடுத்தது. பிரான்சின் பல இடங்களில் பெருஞ்சாலைக்குச் சுங்கம் உண்டு, இங்கே கிடையாது. அதனால் அவசரமாகப் போகிறவர்கள் எல்லோரும் அதில் ஏறிவிடுகிறார்கள். சைக்கிளுக்கு அங்கே அனுமதி இல்லை, நமக்கு அது தேவையும் இல்லை. மிச்சமிருக்கும் சின்னச் சாலைகளில் அந்தந்த வீட்டுக்காரர்கள், பால் லாரி, தபால் வேன், டிராக்டர் இவ்வளவுதான்.

எனவே மேப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மிஷ்லேன் கம்பெனி அச்சிடும் தாள் மேப்பில் பெரிய சாலைகள் சிவப்பு, அடுத்தவை மஞ்சள், மற்றவை வெறும் வெள்ளை. வெள்ளையில் மட்டும் ஓட்டுங்கள். மஞ்சளைக் குறுக்கே கடக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் போகலாம், அதற்கு மேல் வேண்டாம். போன் செயலியை நம்பிப் போனால் அது நேர்வழி என்று மஞ்சளிலேயே தள்ளிவிடும். முதல் வருடம் நான் அப்படித்தான் ஓட்டினேன். எல்லோரும் புகழ்கிற அமைதி எங்கே இருக்கிறது என்று புரியாமலே திரும்பி வந்தேன்.

ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். ஜூன் மாதம், கலாக் என்ற சின்ன ஊரிலிருந்து கரே என்ற ஊருக்கு. நேரே போனால் சுமார் 20 கி.மீ. நான் வெள்ளைச் சாலைகளைக் கோத்துச் சுற்றிப் போனேன், மூன்று மணி நேரம் ஆனது. வழியில் பார்த்தது இரண்டு டிராக்டர், மஞ்சள் நிறத் தபால் வேன் ஒன்று. ஒரு வண்டி போகும் அகலம்தான் சாலை, நடுவில் தாரைப் பிளந்துகொண்டு ஒரு கோடாகப் புல். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்கரை, அதன்மேல் உயிர்வேலி: ஓக், ஹேசல், முள்ளுச்செடி. கரைச் சரிவில் பெரணி, நடுநடுவே ஊதா நிற மணிப்பூக்கள் அடுக்கடுக்காகத் தொங்கும் டிஜிட்டாலிஸ் செடி. மேலே கிளைகள் கூடிக் கூரையாகிவிடும். அதற்குள் நுழைந்ததும் காற்று சட்டென்று குளிரும், ஈர மண் வாசனை வரும். மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கரத்தின் டிக்டிக் சத்தம் இரண்டு கரையிலும் பட்டுத் திரும்பி வரும். ஒரு டிராக்டர் வருவது அரை நிமிடம் முன்பே கேட்டது. நான் ஒரு வயல் வாசலில் ஒதுங்கி நின்றேன். ஓட்டிவந்த பெரியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க நான் ஒரு மனிதரோடு பேசியது என்றால் அதுதான்.

1960, 70களில் நிலங்களை ஒன்றுசேர்க்கிறோம் என்று பல இடங்களில் இந்த மண்கரைகளையும் வேலிகளையும் இடித்துவிட்டார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு வந்தால் உடனே தெரியும். காற்று நேரே முகத்தில் அறையும், மழைத்தண்ணீர் வயல் மண்ணை இழுத்துக்கொண்டு சாலைக்கு வந்திருக்கும். இப்போது சில ஊர்களில் திரும்ப வேலி நடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

ஏற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனியில் மிக உயர்ந்த இடமே 400 மீட்டரைத் தொடாது. ஆனால் சமதரை என்று எதுவும் கிடையாது. ஓடை வரை இறங்கு, மறுகரை ஏறு, மறுபடி இறங்கு. 60 கி.மீ. ஓட்டினால் 700, 800 மீட்டர் ஏற்றம் சேர்ந்துவிடும். சின்ன கியர் உள்ள சைக்கிளாக எடுங்கள், டயர் 28 மி.மீ.க்குக் குறைய வேண்டாம், 32 இன்னும் நல்லது. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். முடிந்தால் ரயிலில் மேற்கே போய்க் கிழக்கு நோக்கி ஓட்டி வாருங்கள். மழை எந்த மாதத்திலும் உண்டு. ஆனால் பெரும்பாலும் பூந்தூறல்தான், ஒரு நல்ல மழைக்கோட்டு போதும். மே, ஜூன், செப்டம்பர் மூன்றும் சிறந்த மாதங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் அவசரமே இல்லை.

சாப்பாட்டை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். அமைதியான சாலை என்றால் கடையும் இல்லாத சாலை. இருக்கும் கடைகளும் மதியம் இரண்டு மணி நேரம் மூடுவார்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு எதுவும் திறந்திருக்காது, திங்கட்கிழமை பல பேக்கரிகளுக்கு விடுமுறை. ஒரு திங்களன்று மூன்று ஊர்களில் அடுத்தடுத்து மூடிய கதவைப் பார்த்து, பையிலிருந்த இரண்டு வாழைப்பழத்தோடு 50 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். தண்ணீருக்கு ஒரு வழி உண்டு: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அநேகமாக எல்லாக் கல்லறைத் தோட்டங்களிலும் வாசல் பக்கம் குழாய் இருக்கும். 'ஓ நோன் பொத்தாப்ள்' என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள், குடிநீர் அல்ல என்று அர்த்தம். இங்கே சைக்கிள்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பாட்டில் நிரப்புகிறார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. கடை திறந்திருக்கும் ஊரில் கலேத் சாப்பிடுங்கள். 'கறுப்புக் கோதுமை' என்று இவர்கள் சொல்லும் பக்வீட் மாவைக் கரைத்துப் பெரிய வட்டக்கல்லில் ஊற்றிச் சுடுவது. ஓரம் முறுகலாக, நடுவில் முட்டையும் சீஸுமாக வரும். தோசை தின்று வளர்ந்த வாய்க்கு அது அந்நியமாகவே தெரியாது.

பாதுகாப்பில் இரண்டு விஷயம். ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலானவர்கள் மதிக்கிறார்கள். ஆனால் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலது பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. வேலியும், ஆகஸ்டில் ஆளுயர மக்காச்சோளமும் பார்வையை மறைத்துவிடும். ஒவ்வொரு சந்திப்பிலும் பிரேக்கில் கை வையுங்கள்.

இங்கே சைக்கிள்மீது மக்களுக்கு உள்ள அன்பு தனி. 5 முறை டூர் தெ பிரான்ஸ் வென்ற பெர்னார் இனோ இந்த மண்ணில் பிறந்தவர், 1953 முதல் தொடர்ந்து மூன்று முறை வென்ற லூயிசோன் போபேயும் அப்படியே. 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் இந்தச் சாலைகளில்தான் வருகிறது. சுமார் 1200 கி.மீ., 90 மணி நேரக் கெடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை. இந்தியாவிலிருந்தும் பலர் வந்து ஓட்டுகிறார்கள். கடைசியாக 2023 ஆகஸ்டில் நடந்தது. அப்போது கிராமத்து வீட்டு வாசல்களில் மேசை போட்டு, நடு ராத்திரியிலும் காப்பியும் தண்ணீரும் வைத்துக்கொண்டு மக்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, எங்கே தங்குவது? பாரிசிலிருந்து ரென் வரை டிஜிவி என்ற அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், இன்னும் மேற்கே கெங்காம். சைக்கிளைக் கழற்றிப் பையில் போடாமல் டிஜிவியில் கொண்டுபோவதானால் அதற்கும் முன்பதிவு வேண்டும். கெங்காமிலிருந்து கரேக்கு ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. கரேயில் மூன்று நாள் தங்குங்கள். ஒரு நாள் உவெல்குவாத் காட்டின் உருண்டைப் பாறைகள், ஒரு நாள் மரமே இல்லாத அரே மலைமுகடு, ஒரு நாள் மோர்லே பக்கம் போகும் பழைய ரயில் பாதை. பிறகு கிழக்கே போந்திவி வரை வெள்ளைச் சாலைகளில் போய், கடைசி நாளில் கால் களைத்திருக்கும்போது பிளாவே ஆற்றங்கரைப் பாதையைப் பிடியுங்கள். என்போன் என்ற ஊர் வரை சுமார் 60 கி.மீ., ஏற்றமே இல்லை, மதகுக்கு மதகு ஒரு காவலர் வீடும் பூச்செடிகளும்.

என்போனிலிருந்து லோரியான் கொஞ்ச தூரம்தான். 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவான துறைமுகம் அது, புதுச்சேரிக்குக் கப்பல்கள் புறப்பட்ட இடம். எதிர்க்கரையில் போர்-லூயி கோட்டைக்குள் அந்தக் கம்பெனியின் அருங்காட்சியகம் இருக்கிறது. அரை நாள் ஒதுக்கி, அங்கே வைத்திருக்கும் இந்தியத் துணிகளைப் பார்த்துவிட்டு லோரியானிலேயே ரயில் ஏறலாம். பாரிசுக்கு நேரடி வண்டி உண்டு.